பச்சை லைட்டு எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு

– ஜீப்புக்காரரு எறக்கி வச்சுட்டுப் போயிட்டாரு தம்பி. இனி நீங்க வேணாம்னு சொன்னாலும் இதத் தூக்கிட்டுப் போக எனக்குத் தெம்பு இல்ல.

– வேணாம்னு சொல்லலக்கா. சரிபண்ண இதுல ஒண்ணுமே இல்லன்னுதான் சொல்றேன். தீக்குள்ள கெடந்த மோட்டார் இது. உள்ள சுத்துன செம்புக் காயிலு பூராம் கரியாப் போயிருக்கும். பழைய இரும்புக்குத்தான் ஆகும்.

– பழைய இரும்புக் கடையில இருந்துதான் கொண்டாறேன். ஓட வைங்கன்னு கேட்டேனா? தொறந்து பாத்து ஒரே ஒரு வெவரம் சொன்னாப் போதும்.

– நீங்க... பெரியகருப்பண்ணன் வீட்டுலதானே?

– ஆமா, கருத்தம்மா. இப்பத்தான் மொகம் தெரியுதா? மலை மேட்டுக்கு அங்கிட்டு, ஏலக்காய் எஸ்டேட்டுல காய் காய வைக்கிற ஸ்டோர்ல நீங்க இந்த மோட்டார மாட்ட வந்தப்ப நான்தான் கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தேன். நீங்க கட்டுன காயிலுதான இது? எங்க வீட்டுக்காரரு சொல்லிக்கிட்டே இருப்பாரு, போடியில எத்தனையோ கடை இருக்கு, காசிராஜன் கை பட்டா மோட்டார் சத்தமே வேறன்னு.

– அண்ணன் எப்படி இருக்காரு?

– இருக்காரு. சிலமலையில எங்க அண்ணன் வீட்டுக்குப் பின்னால சாச்சுக் கட்டுன ஒரு பத்தியில இருக்கோம். எஸ்டேட்டு லயத்து வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாங்கல்ல. நாலு ஆடு வச்சிருக்காரு. ஆள் நடமாட்டம் இல்லாத பக்கமாப் பாத்து ஓட்டிட்டுப் போவாரு, பொழுது சாய வருவாரு. டீக்கடைக்குப் போறதில்ல. காலையில மலைக்கு ஆள் ஏத்திட்டுப் போற ஜீப்பு வர்ற நேரம் பாத்து உள்ள போயிருவாரு.

– ஏன்?

– ஏன்னா கேக்குறீங்க? அந்த ஜீப்புல போற பொம்பளைகளோட அத்தனை வருசம் மலைக்குப் போயி வந்த மனுசன். இப்ப அதுல ஒருத்தி, என்னண்ணே இன்னும் முழிக்கலையான்னு கேக்குறா. வண்டியே சிரிக்குது. அவளும் வெளையாட்டாத்தான் கேட்டிருப்பா, மனசுல ஒண்ணும் வச்சிருக்க மாட்டா. ஆனா அன்னையில இருந்து அவரு வாசல்ல நிக்கிறதில்ல.

– அக்கா, உக்காருங்க மொதல்ல. தண்ணி குடிக்கிறீங்களா?

– தண்ணி கெடக்கட்டும். நீங்க ஸ்பானர எடுங்க.

– போல்ட்டெல்லாம் துருப் பிடிச்சிருக்குக்கா. மண்ணெண்ணெய் ஊத்தி ஊறப் போடணும். நாளைக்கு வாங்களேன்.

– ஊத்துங்க, நான் உக்காந்திருக்கேன். ரேசன் கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்துருக்கேன். இன்னொரு நாள் பொய் சொல்லிட்டு வர என்னால ஆகாது. இது ஊறுறதுக்குள்ள ஒண்ணு கேக்குறேன், எனக்கு வெளங்குற மாதிரி சொல்லுங்க. மோட்டாருக்குப் பக்கத்துல செவத்துல ஒரு பொட்டி இருந்துச்சுல்ல, பச்சை லைட்டு எரியும். அது எதுக்கு?

– அதுவா... மோட்டார் ரொம்பச் சூடாயிருச்சுன்னா தானா நிப்பாட்டுறதுக்கு. ரிலேன்னு சொல்லுவோம். மோட்டாருக்குள்ள காயில் கட்டுக்கு நடுவுல மூணு மணி வச்சிருக்கும், மிளகு தண்டி. தெர்மிஸ்டர்னு பேரு. காயிலு சூடேற சூடேற அந்த மணிக்குத்தான் மொதல்ல ஒறைக்கும். ஒரு அளவு தாண்டிருச்சுன்னா மணி வழியாக் கரண்டு போகாது. பொட்டிக்கு அது தெரிஞ்சுரும். பச்சை அணைஞ்சு செவப்பு எரியும், மோட்டாரு நின்னுரும்.

– மனுசன் பக்கத்துல இல்லாட்டியும்?

– இல்லாட்டியும்.

– மனுசன் தூங்கிட்டா?

– ...தூங்கிட்டாலும் நின்னுரும்.

– அப்ப பச்சை எரிஞ்சா மோட்டாருக்கு நோவு ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்.

– அப்படித்தான் அர்த்தம்.

– அந்த லைட்டு பொய் சொல்லுமா தம்பி?

– என்னக்கா கேள்வி இது.

– இந்தக் கேள்விக்குத்தான் நான் இந்த இரும்ப வாங்கிட்டு வந்துருக்கேன். என்ன நடந்துச்சுன்னு ஒங்களுக்கு முழுசாத் தெரியாது. ஊருல சொன்னத நீங்களும் கேட்டுருப்பீங்க. பெரியகருப்பன் அடுப்புல வெறகத் திணிச்சுட்டுத் தூங்கிட்டான், ஸ்டோர் எரிஞ்சு போச்சுன்னு. அதான கேட்டீங்க?

– அதான் கேட்டேன்.

– அவரு சொன்னத நான் சொல்றேன், கேளுங்க. போன ஆடியில விட்டு வெலகாத மழை. எடுத்த காய் குமிஞ்சு கெடக்கு. பச்சைக்காயத் தட்டுல பரப்பி, கீழ அடுப்பு எரிய, மோட்டாரு சூட்டுக் காத்த ஊதிக்கிட்டே இருக்கணும். நின்னா காய் நெறம் செத்துரும். நெறம் போனா ஏலத்துல சீந்த மாட்டாங்க. மொதலாளி போன் மேல போன் போட்டு, காரணமில்லாம மோட்டார நிப்பாட்டக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்காரு. அன்னைக்கு மத்தியானம் கரண்டு வேற மங்கி மங்கி வருது. தகரத்து மேல மழை விழுற சத்தத்துல பக்கத்துல நின்னு கத்துனாக் கூடக் கேக்காது. இவரு என்ன செய்வாரு தெரியுமா? செவத்துல முதுகச் சாச்சு உக்காந்து கண்ண மூடிக்கிருவாரு. கண்ணத் தொறந்திருந்தா மழைதான் கேக்குது, மூடுனாத்தான் மோட்டார் கேக்குதுன்னு சொல்லுவாரு. செவத்துல அதிர்வு வருமாம். அத வச்சே அதோட நாடி தெரியுமாம்.

– தெரியும்க்கா. அவருக்குத் தெரியும்.

– அன்னைக்கும் அப்படித்தான் உக்காந்திருந்திருக்காரு. ஒரு மொனகல் வந்துச்சாம். சினை மாடு மொனகுற மாதிரி. கண்ணத் தொறந்து செவத்தப் பாத்துருக்காரு. பச்சை எரியுது. நிப்பாட்டலாமான்னு எந்திரிச்சுக் கையக் கூட சுச்சுக்கிட்டக் கொண்டு போயிட்டாரு. அப்புறம் யோசிச்சாராம். சூடு இருந்தா அதுவே நின்னிருக்குமே, காசிராஜன் கட்டுன காயிலு, பொட்டி நல்லா வேல செய்யுது, நம்ம காது வயசானது, மொதலாளி பேச்சக் கேக்கணுமா சும்மான்னு கைய எடுத்துட்டாரு. அடுப்ப ஒரு எட்டுப் பாத்துட்டு வருவோம்னு கீழ எறங்குனவரு, திரும்ப வாறதுக்குள்ள புகை. மோட்டாருல இருந்து பொறி தெறிச்சு ஓரத்துல கெடந்த சாக்குல பிடிச்சிருச்சு. தட்ட இழுக்கப் போயி ரெண்டு கையும் வெந்து போச்சு. இப்பவும் வலது கை வெரலு முழுசா மடங்காது.

– கை வெந்தது எனக்குத் தெரியாதுக்கா.

– எப்படித் தெரியும்? நீங்க வரலையே.

– ...வரல.

– கொறை சொல்லல. யாருதான் வந்தாங்க. ஆசுபத்திரியில இருந்து கட்டுப் போட்ட கையோட வந்து மொதலாளி முன்னால நின்னாரு. நடந்தத நடந்தபடி சொன்னாரு. மொனகுச்சு, எந்திரிச்சேன், பச்சை எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சுன்னு. மொதலாளி ஒரு எஞ்சினியரக் கூட்டியாந்து பொட்டியச் சோதிக்கச் சொன்னாரு. பொட்டி இருந்த செவரு மட்டும் தப்பிச்சிருந்துச்சு. அவரு என்னத்தையோ மாட்டிப் பாத்துட்டு, ரிலே நல்லாத்தான் இருக்குன்னுட்டாரு. அம்புட்டுத்தான். பச்சை எரிஞ்சா மோட்டாருக்குக் கேடு இல்ல, அப்ப அடுப்புலதான் கேடு, நீ தூங்கிட்டு இப்பக் கதை கட்டுறன்னு மொதலாளி சொல்லிட்டாரு. தூங்குனதுக்குக் கூட அவ்வளவு கோவப்படல, பொய் சொல்றான்னுதான் கோவம். நீ கண்ண மூடித் தூங்குனதக் கண்ணால பாத்த ஆளு இருக்குன்னாரு. பத்துப் பேருக்கு முன்னால. கணக்கப்பிள்ளை, டிரைவரு, காய் எடுக்குற பிள்ளைக, அத்தனை பேரும் நிக்கிறாங்க.

– யாரு பாத்தது?

– மொதலாளி பேரு சொல்லல. இவரும் கேக்கல.

– கேக்கலையா?

– கேக்கல. தலையக் குனிஞ்சுக்கிட்டுக் கெளம்பி வந்துட்டாரு. நீங்க ஏன் தம்பி மண்ணெண்ணெய அங்கிட்டு ஊத்துறீங்க? போல்ட்டு இங்கிட்டுல்ல இருக்கு.

– ஆமா. பாக்கல.

– அதோட போயிருந்தாலும் பரவால்லன்னு இருந்துருக்கலாம். மலையில நடந்தது மலையோடன்னு. ஆனா சொல்லு மலை எறங்க எம்புட்டு நேரம் ஆகும்? வைகாசியில எங்க ஊரு அம்மன் கோயில் பொங்கல். பங்காளிக எல்லாம் கூடி வேல பிரிக்கிறாங்க. ஒருத்தரு பந்தல், ஒருத்தரு தண்ணி. கெடா வெட்டிப் பெரிய அடுப்புல சமையல். எப்பவும் அடுப்புச் சோலி இவருக்குத்தான். தீயோட பழகுன கை. இவரும் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, வெறகப் பொளந்து அடுக்கிட்டு உக்காந்துட்டாரு. பல நாள் கழிச்சு அன்னைக்குத்தான் மொகத்துல கொஞ்சம் தெளிச்சி. அப்ப எங்க கொழுந்தன் மொறைக்காரரு ஒருத்தரு வந்து, அடுப்ப இவருகிட்ட யாருய்யா கொடுத்தது, சோறு கருகிறப் போகுது, வேற ஆள வைங்கன்னாரு.

– அண்ணன் என்ன சொன்னாரு?

– கையில இருந்த வெறகக் கீழ வச்சாரு. அண்டாவுல இருந்து தண்ணி மோந்து கையக் கழுவுனாரு. துண்ட எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு ஊருக்கு நடந்துட்டாரு. நான் பொம்பளைகளோட வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருக்கேன். எந்திரிச்சுப் பின்னாடி போயிருக்கணும். போகல. எனக்கு எந்திரிக்க வெக்கமா இருந்துச்சு தம்பி. குனிஞ்சு வெங்காயத்தையே உரிச்சேன். கண்ணுல தண்ணி வந்தா வெங்காயம்னு நெனச்சுக்கிருவாங்கல்ல.

– அக்கா, போதும்க்கா.

– போதாது. கேட்டு முடிங்க. முந்தாநாளு தேவாரத்துல இருந்து ஒரு ஆளு வந்தாரு, மாரீஸ்வரன்னு. அவரு ஜீப்புதான் இப்ப இங்க எறக்கிட்டுப் போறது. அவருக்குத் தெரிஞ்ச எஸ்டேட்டுல ஸ்டோர் பாக்க ஆள் வேணுமாம், இந்த வருசக் காய் எடுப்பு தொடங்கப் போகுது, பழைய கதையெல்லாம் அந்த மொதலாளி பாக்க மாட்டாரு, வாங்கண்ணேன்னு கூப்புட்டாரு. எனக்குச் சாமி வந்து கூப்புட்ட மாதிரி இருந்துச்சு. இவரு ஆட்டுக்குத் தழை ஒடிச்சுக்கிட்டே, வேணாம் தம்பின்னுட்டாரு. ஏன்னு கேட்டா என்ன சொல்றாரு தெரியுமா?

– என்ன சொன்னாரு?

– நான் தூங்கியிருப்பேன் போல இருக்கு தம்பிங்கிறாரு. எந்திரிச்சேன், லைட்டப் பாத்தேன், சுச்சுக்குக் கை கொண்டு போனேன்னு எல்லாம் நெஞ்சுல இருக்கு, ஆனா அதெல்லாம் கனவுல கண்டதோ என்னவோ, இத்தனை பேரு சொல்றாங்க, எஞ்சினியரே பொட்டி நல்லாருக்குன்னு சொல்றாரு, அப்ப நான்தானே தூங்கியிருக்கணும், தூங்குறவன நம்பி இன்னொரு ஸ்டோரக் கொடுக்காதீங்கன்னு கையெடுத்துக் கும்புட்டாரு. மடங்காத வெரலோட. வந்தவரு என்னையப் பாக்குறாரு. நான் என்னத்தச் சொல்ல? ஊரு சொன்னதுக்கு அழுதாரு, சரி. இப்ப அவரே அவர நம்ப மாட்டேங்கிறாரு. மனுசனுக்கு இதவிடக் கேடு உண்டா?

– ...இல்ல.

– அதான் மறுநாளே பழைய இரும்புக் கடை கடையா ஏறி எறங்குனேன். எஸ்டேட்டுச் சாமானெல்லாம் போடிக்குத்தான வரும். ஒரு கடையில மூலையில இது கெடந்துச்சு. ஆயுத பூசைக்கு அவரு அடிச்ச நீலப் பெயிண்டு அடியில மட்டும் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. கண்டுக்கிட்டேன். எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான். அந்த மணி மூணும் உள்ள சரியா இருந்திருந்தா அவரு கனவுதான் கண்டாரு. மணி கெட்டிருந்தா அவரு சொன்னது நெசம். தொறங்க தம்பி. துரு ஊறியிருக்கும்.

– தொறக்க வேணாம்க்கா.

– ஏன்?

– தொறந்தாலும் மணி இருக்காது.

– எரிஞ்சு போயிருக்குமா?

– எரியல. அதுல மணியே இல்ல. நான் வைக்கல.

– வைக்கலன்னா?

– மோட்டாரு இங்க வந்தப்ப பழைய காயிலு போயிருந்துச்சு. அத அறுத்து எடுக்கும்போது மணியும் அதோட போயிரும். புதுசு வைக்கணும். அது கோயமுத்தூருல இருந்து வரணும், இங்க கெடைக்கிறதில்ல. ஒங்க மொதலாளி காய் அழுகுது, வெரசா வெரசான்னு உயிர எடுத்தாரு. மணி இல்லன்னா பொட்டி மோட்டார ஓட விடாது. அதனால மோட்டாருல இருந்து பொட்டிக்குப் போற ரெண்டு ஒயருக்கும் நடுவுல ஒரு துண்டு ரெசிஸ்டரப் போட்டு முறுக்கி, மூடி வச்சுட்டேன். பொட்டிக்கு எப்பவும் குளுந்துதான் இருக்குன்னு தோணும். மோட்டாரு உள்ள வெந்து செத்தாலும் பச்சை எரியும்.

– எப்பவும் எரியுமா?

– எப்பவும். அந்த லைட்டு பொய்தான்க்கா சொல்லுச்சு. நான்தான் சொல்ல வச்சேன்.

– எங்க வீட்டுக்காரருகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி. கட்டஞ்சாயாவக் கையில வச்சுக்கிட்டு எம்புட்டு நேரம் பேசிக்கிட்டு இருந்தீங்க.

– சொல்ல வாயெடுத்தேன். அவரு அந்தப் பச்சை லைட்டக் காட்டி, தம்பி இது இருக்குற தைரியத்துலதான் நான் அடுப்புப் பக்கமும் போயிட்டு வர்றேன்னாரு. அதுக்கப்புறம் வாய் வரல. சீசன் முடிஞ்சதும் வந்து மணிய வச்சிரலாம்னு நெனச்சேன். மனசுக்குச் சமாதானம் என்ன சொல்லிக்கிட்டேன் தெரியுமா? பெரியகருப்பண்ணன் இருக்காரு, மணி என்ன மணி, அவரு காதே போதும்னு. அவரு என்னய நம்பி கைய எடுத்திருக்காரு. நான் அவர நம்பி மணிய எடுத்திருக்கேன்.

– தீப் பிடிச்ச சேதி வந்தப்ப ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே.

– மறுநாள் காலையில சேதி வந்த நிமிசமே தெரிஞ்சது. கடைய அடைச்சுட்டு மலைக்கு வரத்தான் கெளம்புனேன். பஸ்ஸ்டாண்டுல ஒருத்தரு சொன்னாரு, ஸ்டோர் பாக்குறவன் தூங்கிட்டானாம்னு. பஸ்சு நின்னுச்சுக்கா. நான் ஏறல. நான் செஞ்சதக் கூட எப்படியாச்சும் சொல்லிருவேன். இதச் சொல்லத்தான் நாக்கு கூசுது. அவரு தூங்கிட்டாருன்னு கேட்டதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு. திரும்பி வந்து கடையத் தொறந்து வேலையப் பாத்தேன். அன்னைக்கு மத்தியானம் வயிறாரச் சோறு சாப்புட்டேன். திட்டுங்கக்கா. ஏதாச்சும் சொல்லுங்க. இப்படி அந்த மோட்டாரையே பாத்துக்கிட்டு இருக்காதீங்க.

– அப்ப அவரு மொனகல் கேட்டது நெசம்.

– நெசம்.

– எந்திரிச்சது, லைட்டப் பாத்தது, சுச்சுக்குக் கை கொண்டு போனது.

– எல்லாம் நெசம்க்கா. மோட்டார் மொனகுனப்பவும் பச்சைதான் எரிஞ்சதுன்னு தூங்குனவனுக்கு எப்படித் தெரியும்? அவரு பச்சை எரிஞ்சுச்சுன்னு சொன்னாருன்னு அப்ப இங்கயும் பேச்சு வந்துச்சு, அதக் கேட்டப்பவே எனக்குத் தெரிஞ்சிருச்சு, அவரு முழிச்சுதான் இருந்தாருன்னு. இந்த ஒலகத்துல எனக்கு மட்டுந்தான் அது தெரியும். வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன்.

– கண்ண மூடுனாத்தான் கேக்கும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. நான் அதக் காது கொடுத்துக் கேக்கல.

– கடையப் பூட்டிட்டு வர்றேன்க்கா. இப்பவே சிலமலைக்குப் போவோம். அவரு கால்ல விழுகுறேன், அடிச்சாலும் வாங்கிக்கிறேன். அப்புறம் ஒங்க மொதலாளிகிட்டயும் போறேன். இந்த மோட்டாரையும் ஏத்திக்குவோம். அந்தக் கொழுந்தன்மாரு, ஜீப்புல சிரிச்ச பிள்ளைக எல்லாருக்கும் முன்னால தொறந்து காட்டுறேன். அதுக்கப்புறம் இந்தக் கடைக்கு ஒருத்தன் மோட்டார் கொண்டு வர மாட்டான். வராட்டிப் போகட்டும்.

– ம்.

– ஒண்ணே ஒண்ணுக்கா. அவரு தூங்குனதப் பாத்தேன்னு மொதலாளிகிட்டச் சொன்ன ஆளு யாருன்னு விசாரிங்க. நான் செஞ்ச தப்பு என்னோட. ஆனா அந்த வாய் மட்டும் தொறக்காம இருந்திருந்தா அண்ணன் சொன்னத ஒருத்தராச்சும் நம்பியிருப்பாங்க. அந்த ஆளையும் கூட்டிட்டு வந்து அவரு முன்னால நிறுத்தணும். என் பக்கத்துலயே நிக்கட்டும்.

– விசாரிக்க வேணாம் தம்பி. அன்னைக்குச் சோத்துத் தூக்கோட வாசல்ல நின்னு, கண்ண மூடி உக்காந்திருந்தவரப் பாத்துட்டு, மொதலாளி கேட்டப்ப தூங்கிட்டாருன்னு சொன்னது நான்தான்.